ஒன்பது ‘பி’க்கு ஓர் ஏழை

சேவையைப் பற்றி யார் பேசினாலும் ஒருத்தியை விட்டுவிடுவார்கள். செய்த பிள்ளைகளின் பெயர் மேடையில் ஒலிக்கும். செய்யத் தூண்டிய ஆசிரியைக்குச் சால்வை கிடைக்கும். ஒலிபெருக்கி கட்டியவருக்குக்கூட நன்றியுரையில் ஓர் இடம் உண்டு. யாருக்குச் செய்தார்களோ அவள் மட்டும் ‘ஆதரவற்ற ஒரு பெண்’ என்று போய்விடுவாள். அவளுக்குப் பெயர் இருந்தது. முப்பிடாதி. நான் பெயரைச் சொல்லிவிட்டேன், பாருங்கள். பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது.

கண்ணைத் திறக்காதீர்கள், அம்மா. சொட்டு மருந்து விட்டால் பாவை விரியும்வரை மூடியே இருக்க வேண்டும் என்றுதானே இந்தக் கண் மருத்துவமனையில் நம்மை இப்படி வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள்? உங்கள் வளையல் சத்தத்தை வைத்துத்தான் பெண் என்று முடிவு செய்தேன். நீங்கள் யார், எந்த ஊர் என்றெல்லாம் கேட்கமாட்டேன். கேட்டால் மட்டும் மனிதர்கள் உண்மையைச் சொல்லிவிடுகிறார்களா? ஆனால் எனக்கு ஒரு சாட்சி வேண்டும். இந்தக் கண்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னாள் என்று இருக்கட்டும்.

நமக்குச் சொட்டு விட்ட பெண்ணின் குரலைக் கவனித்தீர்களா? உங்களை ‘அம்மா’ என்றாள். அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருக்கிறாரே, அவரை ‘ஐயா’ என்றாள். என்னை என்னவென்று கூப்பிட்டாள்? “தலையை நல்லாச் சாய்ச்சுக்கோங்க, மிஸ்.” மிஸ்! நான் ஆசிரியை என்று நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? அதோடு விட்டாளா? “காலையில சாப்பிட்டீங்களா, மிஸ்?” என்றாள். கண்ணைக் காட்ட வந்தவளிடம் வயிற்றைப் பற்றி என்ன விசாரணை? அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பொறி தட்டியது. முகத்தில் பாதியை மூடித் துணி கட்டியிருந்தாலும் குரலை மூட முடியாதே. அவள் மாரிச்செல்வி. என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். நான் கண்டுகொண்டபோது இரண்டு கண்ணிலும் மருந்து விழுந்துவிட்டது. அது என்ன மருந்து என்பது அவளுக்கும் அவள் மனச்சாட்சிக்கும்தான் தெரியும்.

அவளுக்கு என்மேல் என்ன பகை என்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் தமிழில் முதுகலை. அதன்மேல் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் வாங்கியவள். என் ஆய்வின் பொருள் அறநூல்களில் ஈகை. ஈகையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். எங்கள் பள்ளி தனியார் பள்ளி, பெண்களுக்கானது. பெயரைச் சொல்லமாட்டேன், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். ஒரு வருடம் முதல்வர் ஜெயசீலன் ஐயாவுக்கு ஒரு யோசனை உதித்தது. அவருக்கு யோசனை உதித்தாலே நான் பயப்படுவேன், பின்னால் யாரோ தள்ளிவிட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைச் சேவை நேரம் ஆக்கினார். ஒவ்வொரு வகுப்பும் அக்கம்பக்கத்தில் ஆதரவற்ற ஒருவரைத் தத்தெடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் அவருக்கு உதவ வேண்டும். சிறந்த வகுப்புக்கு ஆண்டு விழாவில் கேடயம். ‘கரம் கொடு’ என்று திட்டத்துக்குப் பெயர் வைத்ததும் நான்தான். நன்றியுரையில் அதைச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

கேடயம் என்று சொன்ன உடனே என்ன ஆகும்? அதுதான் நடந்தது. ஒன்பது ‘ஏ’யின் ரோஸ்லின் மிஸ் அன்று மாலையே தண்ணீர்த் தொட்டித் தெருவில் இருந்த பார்வையற்ற தம்பதியை எடுத்துக்கொண்டாள். ஒருவர் போதும் என்று திட்டத்தில் இருக்க, அவள் இரண்டு பேரை எடுத்தாள். கேட்டால், “பிரிக்கவா முடியும் மிஸ்?” என்றாள். கோயில் வாசலில் இருந்த பெரியவரை ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தத்தெடுத்துவிட்டன. மனிதர் ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு முறை குளிப்பாட்டப்பட்டார். சனிக்கிழமை காய்ச்சலில் படுத்தார். அதற்குள் பக்கத்து நான்கு தெருவிலும் ஏழைகள் தீர்ந்துபோனார்கள். என் ஒன்பது ‘பி’க்கு யாருமே இல்லை. “நம்ம கிளாஸுக்கு எப்ப மிஸ் ஏழை வருவாங்க?” என்று பிள்ளைகள் தினமும் கேட்டன. எனக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காகவே ரோஸ்லின் இரண்டு பேரை எடுத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அந்த நிலையில்தான் முப்பிடாதி என் கண்ணில் பட்டாள். பள்ளியின் பின்வாசலை ஒட்டி, எங்கள் மதில் சுவரிலேயே தகரத்தைச் சாய்த்து இட்லிக் கடை போட்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். சிறுவயதில் வந்த போலியோவில் ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடப்பாள். கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. திட்டத்தின் விதிகளுக்கு இவளைவிடப் பொருத்தமான ஆள் உண்டா, சொல்லுங்கள்? நான் நேரில் போய், “உங்களுக்கு உதவ எங்கள் மாணவியர் ஆவலாக இருக்கிறார்கள்” என்றேன்.

அவள் இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே, “எனக்கு என்ன டீச்சர் கொறை?” என்றாள்.

“உங்களுக்கு எதுவும் தேவையில்லையா?”

“மழை பெஞ்சா தகரம் ஒழுவும். அத நான் பாத்துக்கிடுவேன். நீங்க ரெண்டு இட்லி சாப்பிடுதியளா? மொகம் வாடிக் கெடக்கே.”

எனக்கு அவள்மேல் சந்தேகம் விழுந்தது அந்த நிமிடத்தில்தான். இந்த உலகத்தில் எதுவும் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பெரிதாக எதையோ குறி வைத்திருப்பார்கள். வேண்டும் என்று கேட்பவனை அளந்துவிடலாம். வேண்டாம் என்பவளை எப்படி அளப்பது? இருந்தாலும் எனக்கு வேறு வழியில்லை. பிள்ளைகளின் நன்மைக்காக, ஒரு வருடம் மட்டும் எங்களுக்கு ஆதரவற்றவராக இருக்க வேண்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவள் சிரித்தாள். இறங்கி வந்தாள்.

“சரி, அனுப்புங்க. ஆனா வந்து சும்மா நிக்கப்படாது. வந்தா வேல செய்யணும்.”

பார்த்தீர்களா, நிபந்தனை போட்டவள் யார்? உதவி வாங்குகிறவள்.

முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் முறையாகத்தான் போனோம். பிள்ளைகள் கழுத்தில் நீலத் துணி கட்டி, இரண்டு வரிசையாக நடந்து, நான் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடினார்கள். பள்ளிச் சார்பில் ஒரு போர்வை வழங்கினோம். நல்ல பருத்திப் போர்வை, ஒரு மூலையில் எங்கள் பள்ளியின் விளக்குச் சின்னம் அச்சிட்டது. அவள் அதை வாங்கி, விரலால் தடவிப் பார்த்தாள். “துணி நல்லாருக்கு டீச்சர்” என்றாள். எனக்கு மனம் குளிர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை போனால், போர்வையைத் துண்டு துண்டாகக் கிழித்து இட்லித் தட்டில் விரித்திருக்கிறாள்! எங்கள் ஈகையின்மேல் இட்லி வெந்துகொண்டிருந்தது. சின்னம் இருந்த மூலையை மட்டும் தனியாக மடித்துத் தைத்து, சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி ஆக்கியிருந்தாள்.

“அடுப்புப் பக்கத்துல நிக்கவளுக்குப் போர்வ எதுக்கு டீச்சர்? இப்ப பாருங்க, தெனமும் கையில இருக்கு.”

கேலி. சந்தேகமே இல்லை. அவள் பேச்சில் எப்போதும் அந்தக் கேலி உண்டு. மேலுக்குச் சிரிப்பாக இருக்கும்.

அதன் பிறகு அவள் இஷ்டம்தான். என் பிள்ளைகள் சின்ன வெங்காயம் உரித்தார்கள். தட்டுக் கழுவினார்கள். ஒருத்தி மாவு கரைத்தாள். “ஏட்டி, தண்ணிய ஊத்தாத, தெளி!” என்று முப்பிடாதி அதட்டுவது வகுப்பறைவரை கேட்கும். என் அதட்டலுக்குத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள் அவள் ஒரு சொல் சொன்னால் ஓடின. நன்றாகப் படிக்கிற, டாக்டர் வீட்டுப் பெண் ஒருத்தி கையில் பாத்திரக் கரியோடு வந்து, “எனக்கு இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு மிஸ்” என்றாள். பாத்திரம் தேய்ப்பதில் என்ன சந்தோஷம்? எனக்கு அது இயல்பாகப் படவில்லை. வேலை முடிந்ததும் அவள் எல்லாரையும் தரையில் வரிசையாக உட்காரவைத்து இலையைப் போட்டு இட்லியும் வைப்பாள். நான் எவ்வளவோ தடுத்தேன்.

“சேவை என்றால் கொடுப்பது, அம்மா. இவர்கள் உங்களுக்குக் கொடுக்க வந்தவர்கள். நீங்கள் இவர்களுக்குக் கொடுத்துவிட்டால் எங்கள் சேவை எங்கே போயிற்று?”

“அது எங்கயும் போவாது டீச்சர், வயித்துக்குள்ளதான் போவுது. ஏட்டி, சட்னி போட்டுக்கோ.”

ஆய்வியல் நிறைஞர் பட்டம் வாங்கியவளுக்கு இதுவா பதில்?

இனி கேடயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வகுப்பும் தங்கள் சேவையைக் காட்டும் படம் ஒன்றைத் தர வேண்டும் என்றார் முதல்வர். நான் என் கைபேசியில் பலமுறை முயன்றேன். வேலை செய்யும்போது எடுத்தால் அவள் முதுகு காட்டுவாள், இல்லாவிட்டால் புகை மறைக்கும். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் தெளிவாக விழுந்தது. அதில் என் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முப்பிடாதி ஒரு கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் இட்லி வைக்கிறாள். வாய் கொள்ளாத சிரிப்பு. முதல்வர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மேடம், இதுல யாரு யாருக்கு உதவி செய்யிறாங்க?”

பக்கத்தில் இருந்த ரோஸ்லின் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய படத்தில் பார்வையற்ற தம்பதி நடுவில், பிள்ளைகள் இரண்டு பக்கமும், கையில் பழக்கூடை. படம் என்றால் அது படம். கேடயம் ஒன்பது ‘ஏ’க்கு என்று முடிவானது. என் படத்தை நான் அந்த இடத்திலேயே கைபேசியிலிருந்து அழித்துவிட்டேன். எதற்கும் பயன்படாத படத்தை யார் வைத்திருப்பார்கள்?

இப்போது மாரிச்செல்விக்கு வருகிறேன். சத்தம் குறைத்துப் பேசுகிறேன், பக்கத்தில்தான் நடமாடுகிறாள்.

அவள் தாளாளர் தயவில் இலவச இடத்தில் படித்தவள். தகப்பன் இல்லை. தாய் திருப்பூரில் ஏதோ வேலைக்குப் போனவள், நாளாக ஆக வருவதே நின்றுபோயிற்று. சித்தி வீட்டில் இருந்தாள். சித்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறைகூட வராதவளைப் பற்றி என்ன சொல்ல முடியும்? இந்தப் பெண்ணிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காலை வழிபாட்டில் நிற்கும்போது தொப்பென்று விழுவாள். எல்லாரும் அமைதியாக நிற்கிற நேரம் பார்த்து விழுவாள். தண்ணீர் தெளித்து நிழலில் படுக்கவைப்போம். கணக்குத் தேர்வு இருக்கும் நாளில் இது நடந்ததும் உண்டு, எனவே நான் நம்பவில்லை. அறிவுரை சொன்னேன். பிறகு அந்த ஆண்டு நடுவில் அவள் விழுவது நின்றுவிட்டது. பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், அது வேலை செய்திருக்கிறது என்று எனக்கும் மகிழ்ச்சிதான்.

ஒரு திங்கட்கிழமை நான் சற்று முன்னதாகப் பள்ளிக்கு வந்தேன். பின்வாசல் வழியாகப் போனால், சீருடையோடு மாரிச்செல்வி முப்பிடாதியின் கடைக்குள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அல்ல, திங்கட்கிழமை! மறைந்து நின்று பார்த்தேன். உரித்து முடித்தாள். முப்பிடாதி இலையைப் போட்டாள். இந்தப் பெண் தலையைத் தூக்காமல் சாப்பிட்டாள். மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். தினமும் இதே நாடகம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாங்கள் சேவை என்று கற்றுக் கொடுத்ததை முப்பிடாதி தொழிலாக்கிக்கொண்டாள். ஒரு பிஞ்சைப் பிடித்து வேலைக்கு வைத்திருக்கிறாள். பொறுப்பான ஓர் ஆசிரியை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? நேரே உள்ளே போனேன்.

“சிறுபிள்ளையை வேலை வாங்குவது குற்றம் என்று உங்களுக்குத் தெரியுமா?”

முப்பிடாதி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, “நீ மணியடிக்கதுக்குள்ள போ தாயி” என்று அனுப்பினாள். அந்தப் பெண் பின்வாசலைத் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. ரகசியம் இல்லாதவள் ஏன் அப்படிக் காத்திருக்க வேண்டும்?

“டீச்சர், நா சும்மா குடுத்தா அவ திங்கமாட்டா. ரோசக்காரி. அதான் நாலு வெங்காயத்த உரிக்கச் சொல்லுதேன்.”

“அவளுக்கு வீடு இல்லையா? சித்தி இல்லையா?”

“காலையில சாப்பிட்டியா தாயின்னு நீங்க ஒரு நாளாவது அவகிட்டக் கேட்டிருக்கியளா?”

கேள்விக்குக் கேள்வி பதிலாகாது. அதை அவளிடம் அப்போதே சொன்னேன். பாடம் நடத்துவது என் வேலை, யார் வீட்டில் என்ன சமையல் என்று விசாரிப்பது என் வேலையில்லை என்றும் சொன்னேன். அவள் அந்தப் பிடிதுணியை எடுத்து, எங்கள் விளக்குச் சின்னத்தால், கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி வைத்தாள். அந்த அலட்சியம்தான் என்னை முதல்வரின் அறைக்கு அனுப்பியது.

எனக்கு வேண்டியது ஒரு கண்டிப்பு மட்டும். கடையைத் தூக்க வேண்டும் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. ஆனால் முதல்வர் நான் சொன்னதைக் கேட்டு முகம் மலர்ந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பின்பக்கத்தில் பேருந்துகள் வந்து திரும்பப் பெரிய வாசல் வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கு அந்தக் கடை இடைஞ்சல். “ஒரு ஆசிரியையே நேர்ல பார்த்துச் சொல்லும்போது நாம சும்மா இருக்க முடியுமா மேடம்?” என்றார். என் வாயை அவர் பயன்படுத்திக்கொண்டார். நகராட்சிக்குப் புகார் போனது. மதிலை ஒட்டிய ஆக்கிரமிப்பு, மாணவியரின் பாதுகாப்பு என்று நல்ல நல்ல சொற்கள். சொற்களை நான்தான் திருத்திக் கொடுத்தேன். முதல்வருக்கு ஒற்று மிகும் இடம் எது என்று இன்றுவரை தெரியாது.

கடையை எடுக்க ஆட்கள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை. இதுவும் தற்செயல் என்று நம்பச் சொல்கிறார்கள்.

நான் அன்று பிள்ளைகளை வகுப்பிலேயே உட்காரவைத்து, ‘பிறர்க்கென வாழ்தல்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். வெளியே மண் அள்ளும் இயந்திரத்தின் உறுமல் கேட்டது. தகரம் கிழிகிற சத்தம். எல்லாத் தலைகளும் சன்னல் பக்கம் திரும்பின. மாரிச்செல்வி எழுந்தாள். புத்தகப்பையிலிருந்து நீலத் துணியை எடுத்துக் கழுத்தில் கட்டினாள்.

“எங்கே போகிறாய்? உட்கார்.”

“சேவை நேரம், மிஸ்.”

அவள் நடந்தாள். டாக்டர் வீட்டுப் பெண் எழுந்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக எல்லாரும் எழுந்து, நான் கற்றுக்கொடுத்த அதே இரண்டு வரிசையில், நான் கற்றுக்கொடுத்த அதே ஒழுங்கோடு வெளியே போனார்கள். நான் கத்தினேன். எவளும் திரும்பவில்லை. இதை யார் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ரோஸ்லினாகத்தான் இருக்க வேண்டும்.

நான் பின்வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் கடைக்குள்ளிருந்து சாமான்களை எடுத்துக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். இட்லிக் கொப்பரை, தட்டுகள், தண்ணீர்க் குடம், அரிசிச் சாக்கு. ஆட்டுரலை மூன்று பேர் சேர்ந்து உருட்டினார்கள். இயந்திரத்தை ஓட்டியவன் பிள்ளைகளைக் கண்டு பயந்து கீழே இறங்கி நின்றுவிட்டான். நகராட்சி ஆள், “சீக்கிரம் எடுங்கம்மா, சீக்கிரம்” என்று அவர்களிடமே கெஞ்சினார். முப்பிடாதி எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. யாரையும் திட்டவில்லை. அவள் என்ன திட்டம் வைத்திருக்கிறாளோ என்று எனக்குள் ஒரே படபடப்பு. எல்லாச் சாமானும் வெளியே வந்ததும் இயந்திரம் ஏறியது. மழைக்கு ஒழுகும் என்றாளே, அந்தத் தகரம் அப்பளமாக நொறுங்கியது.

நான் பக்கத்தில் போனேன். என் தரப்பை விளக்கலாம் என்றுதான். அவள் என்னைப் பேசவிடவில்லை.

“பிள்ளையள நல்லாத்தான் வளத்திருக்கிய டீச்சர்.”

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைப் பல வருடமாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். எந்த இடத்தில் கேலியை ஒளித்துவைத்தாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இருக்கிறது, கட்டாயம் இருக்கிறது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தெருவில் யாரோ எடுத்த படம் மறுநாள் நாளிதழில் வந்துவிட்டது. நீலத் துணி கட்டிய மாணவியர் ஆட்டுரலை உருட்டுகிறார்கள். ‘ஆதரவற்ற பெண்ணுக்குக் கைகொடுத்த மாணவியர்’ என்று தலைப்பு. பள்ளியின் பெயர் கொட்டை எழுத்தில். யார் புகார் கொடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. படத்தின் ஓரத்தில் முப்பிடாதியின் ஒரு முழங்கையும் கொஞ்சம் சேலைத் தலைப்பும் தெரியும், மீதியை வெட்டிவிட்டார்கள். முதல்வர் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தம் அறையில் மாட்டினார். அந்த ஆண்டு விழாவில் ‘சிறந்த சேவை வழிகாட்டி’ என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ரோஸ்லின் கைதட்டினாள், மெதுவாக.

மாரிச்செல்வி? அடுத்த வாரமே வழிபாட்டில் பழையபடி விழ ஆரம்பித்துவிட்டாள். மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது. என்னைப் பழிவாங்க விழுகிறாள் என்றுகூட ஒரு நாள் தோன்றியது, ஏனென்றால் என் காலடியில் விழுந்தாள். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வரவேயில்லை. சித்தி வீட்டில் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, போய்விட்டாள் என்று மட்டும் பதில். எங்கே, யாரோடு என்று நான் துருவவில்லை.

இப்போது சொல்லுங்கள். அப்படிப்பட்ட பெண் கையில் மருந்துக் குப்பியோடு என் கண் இமையைப் பிரிக்கிறாள். மிஸ் என்கிறாள். சாப்பிட்டீர்களா என்கிறாள். என்னிடம் அவளுக்கு ஏதோ வேண்டும். எதுவும் வேண்டாத குரல் அது இல்லை. வருகிறாள், செருப்புச் சத்தம் அவளுடையதுதான். நீங்கள் எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். கையை விடு, பெண்ணே, எனக்கு நடக்கத் தெரியும். சரி, பிடித்துக்கொள். படி இருக்கிறதா? எத்தனை?

உங்களை இன்னும் கூப்பிடவில்லையா? நல்லதாகப் போயிற்று. என் நாற்காலி இதுதானே?

மருத்துவர் பார்த்துவிட்டார். புரை இப்போதுதான் தொடங்கியிருக்கிறதாம், அவசரமில்லையாம். சொட்டு மருந்து என்ன என்று அவரிடமே கேட்டேன். எல்லாருக்கும் விடுவதுதான் என்றார். அவள் சொன்னதும் அதுதான். சாப்பிட்டீர்களா என்று எல்லாரிடமும் கேட்பது வழக்கமாம், சர்க்கரை நோயாளிகள் மயங்கி விழுந்துவிடக்கூடாது என்பதற்காக. உங்களிடமும் கேட்டாளா? எனக்கு நினைவில்லை.

உள்ளே போகும் வழியில் அவளிடம் நேரடியாகக் கேட்டுவிட்டேன்.

“என்னை அடையாளம் தெரிந்தும் ஏன் பெயரைச் சொல்லவில்லை? என்ன வேண்டும் உனக்கு?”

படி வந்தது, என் கையை இறுக்கிப் பிடித்து இறக்கிவிட்டாள். பிறகு சொன்னாள்:

“ஒரு படம் வேணும் மிஸ்.”

“என்ன படம்?”

“நீங்க ஃபோன்ல எடுத்தீங்களே. நாங்கள்லாம் உக்காந்து சாப்பிடுவோம், அக்கா குனிஞ்சு இட்லி வைப்பாங்க. சிரிச்சுக்கிட்டு. அவங்க வேற படமே எடுத்துக்கிட்டது இல்ல மிஸ். ஆதார் கார்டுல இருக்கிறதப் பெரிசு பண்ணிப் பார்த்தேன், யாரோ மாதிரி இருக்கு. மாலை போட மனசு வரல.”

இல்லை என்றேன். அது உண்மைதானே? இல்லாததை இருக்கிறது என்றா சொல்ல முடியும்? “பழைய ஃபோன் எங்கயாவது கிடந்தா பாருங்க மிஸ்” என்றாள். பார்க்கிறேன் என்றேன். அவள் என் கையை விடாமல் கொண்டுபோய் மருத்துவர் முன்னால் உட்காரவைத்து, அவர் பார்த்து முடித்ததும் வெளிச்சம் கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டாள். அவ்வளவு மென்மையாக மாட்டினாள். அதற்கு என்ன பொருள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கதையைப் பாதியில் விடுவது முறையல்ல, அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முப்பிடாதி அதன்பின் கடை வைக்கவில்லை. மாரிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் தங்கை வீட்டுக்குப் போனாள். சித்தி தடுக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவி, அந்தப் பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க வைத்து, இங்கே வேலைப் பயிற்சியில் சேர்த்துவிட்டாள். போன ஐப்பசி மழையில் மண்டபத்தின் பின்பக்கம் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு சேரவில்லை. தை பிறப்பதற்குள் இறந்துபோனாள். சுவரில் மாட்ட அவளுக்கு ஒரு படம் இல்லை.